சாக்பீஸுக்குக் கழிவு உண்டா?

பிப்ரவரி நெருங்கினால் எங்கள் ஆசிரியர் அறையில் பாடம், பரீட்சை, பக்கத்து வகுப்பு வம்பு எல்லாம் நின்றுபோகும். ஒரே பேச்சு வருமான வரிதான். மாமனாரை வீட்டு உரிமையாளராக்கி வாடகை ரசீது எழுதுகிறவர் ஒரு பக்கம், பத்து வருடமாகத் தப்பித்துவந்த எல்.ஐ.சி. ஏஜென்டுக்குத் தானே போன் போடுகிறவர் இன்னொரு பக்கம். என்னிடம் இருந்தது ஒரு கட்டு பில்.

பள்ளிக்காக என் காசில் வாங்கியவை. சிவப்பு மைப் பேனா, சார்ட், டபுள் சைடு டேப், லிட்மஸ் தாள், புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள். மானியம் வராமல் இல்லை. வரும். அதற்குள் சாக்பீஸ் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். அமிலம்-காரம் பாடத்துக்கு வினிகர் மளிகைக் கடையில் கிடைத்தது; சமையல் சோடா எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து போனது. வகுப்பில் நுரை பொங்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் காலை வீட்டில் ஆப்பம் பொங்காதபோது யாரும் கைதட்டவில்லை.

ஆடிட்டர் என்னிடம் படித்த பையன். கட்டைப் பிரித்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்தான்.

“சார், இதெல்லாம் செல்லாது.”

“ஏம்ப்பா? எல்லாம் ஜி.எஸ்.டி. பில்.”

“பில் நல்ல பில்தான் சார். நீங்கதான் சம்பளக்காரர்.”

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 16ஆம் பிரிவை எனக்குப் பாடம் எடுத்தான். சம்பளத்திலிருந்து கழிக்க அந்தப் பிரிவில் மூன்றே மூன்றுதான். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், தொழில் வரி, மூன்றாவதாக அரசு ஊழியருக்கு மட்டும் விருந்தோம்பல் படியில் 5,000 ரூபாய் வரை. அதுவும் அரசு அப்படி ஒரு படியைக் கொடுத்திருந்தால், பழைய வரிமுறையில் இருந்தால். அரசு ஊழியர் விருந்தாளிக்குப் போண்டா வாங்கிக் கொடுப்பார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. சாக்பீஸ் வாங்குவார் என்று தோன்றவில்லை.

“உங்க செலவுக்கெல்லாம் சேர்த்துத்தான் சார் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்” என்று சமாதானம் சொன்னான். அதன் கதையும் எனக்குத் தெரியும். 2005 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2018இல் அருண் ஜெட்லி 40,000 ரூபாயாகத் திரும்பக் கொடுத்தார். கொடுத்த கையோடு 19,200 ரூபாய் போக்குவரத்துப் படி விலக்கையும் 15,000 ரூபாய் மருத்துவச் செலவு விலக்கையும் எடுத்துக்கொண்டார். மிச்சம் 5,800. அதே பட்ஜெட்டில் செஸ் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 2019இல் 50,000 ஆக்கினார்கள். 2024இல் புதிய வரிமுறைக்காரர்களுக்கு 75,000. நன்றிதான்.

ஆனால் அந்த 75,000 எல்லோருக்கும் பொது. எங்கள் அறையில் ஒருவர் இருக்கிறார். சர்வீஸ் முழுக்க ஒரு பேனாகூட வாங்கியதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும் என் பேனாவில்தான். மூடியை மட்டும் திருப்பித் தருவார். அவருக்கும் 75,000, எனக்கும் 75,000. சட்டத்தின் கண்ணில் நாங்கள் இருவரும் ஒரே அளவு பேனா வாங்குகிறோம்.

அமெரிக்காவில் பள்ளி ஆசிரியர் சொந்தக் காசில் வகுப்புக்கு வாங்கியதை 2002 முதல் 250 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். 2022இல் அது 300 ஆனது. 22 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதில் மிஞ்சுவது 66 டாலர். அங்கேயும் ஒருவரும் இதனால் மாடி வீடு கட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும், வாத்தியார் காசு போட்டு வாங்குகிறார் என்று ஒரு படிவத்திலாவது எழுதி வைத்திருக்கிறார்களே!

இங்கே அப்படி ஒரு சலுகை வந்தாலும் எங்கள் தற்காலிக ஆசிரியைக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. என்னைவிட அதிகமாகச் சார்ட் வாங்குகிறவர் அவர்தான். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே வரிச் சலுகை? புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று 2025இல் அறிவித்தபோது அறையில் எல்லோரும் கணக்குப் போட்டோம். அவர் மட்டும் சார்ட்டில் தவளையின் குடலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

“அப்போ இந்த நாட்டுல சாக்பீஸுக்குக் கழிவு யாருக்குத்தான்ப்பா உண்டு?”

“உங்க எதிர்வீட்டு டியூஷன் மாஸ்டருக்கு சார். அது தொழில் வருமானம். சாக்பீஸ், போர்டு, ஷெட் வாடகை, ஃபேன் ஓடுற கரன்ட் பில் எல்லாம் செலவுல வரும். நீங்க ரிட்டயர் ஆனதும் டியூஷன் ஆரம்பிங்க. ஒரு சாக்பீஸ் துண்டையும் விடமாட்டேன். என் ஃபீஸைக்கூடச் செலவுல காட்டிடலாம்.”

“ஃபீஸா?”

“இப்ப காட்ட முடியாது சார்” என்றான் வருத்தத்துடன். “கொடுக்க மட்டும்தான் முடியும்.”