கறிவேப்பிலைக்குக் கம்பளிச் சட்டை

இப்பிடி வா தம்பி. கையில என்ன, உவ்வளவு பெரிய பெட்டி? தோட்டத்தைக் குளிருக்கு ஆயத்தம் பண்ணப் போறியோ? பண்ணு, பண்ணு. பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு திறக்காமலே சொல்லட்டோ? ஊதா வெளிச்சம் அடிக்கிற லைற். மண்ணுக்குள்ள குத்தி ஈரம் பார்க்கிற கம்பி. செடியைப் போர்க்கிற வெள்ளைத் துணி. இலைக்குத் தண்ணி தெளிக்கிற, பித்தளை வாய் வைச்ச போத்தல். சரியோ? எனக்குச் சாத்திரம் ஒண்டும் தெரியாது மோனை. ஒக்ரோபர் பிறந்தால் ஸ்காபரோவில வீட்டுக்கு வீடு உந்தப் பெட்டிதானே வந்து இறங்குது.

உன்ர தோட்டம் எவ்வளவு? ரெண்டு பாய் விரிச்சால் மூடிப்போடும். அதுக்குள்ள தக்காளி, கத்தரி, பச்சைமிளகாய், வேலியில ஒரு பாவல் கொடி, பயித்தங்கொடி. மே மாதம் விக்ரோறியா நாள் லீவில நட்டாய். அண்டையில இருந்து இண்டைவரைக்கும் நீ களை பிடுங்கினதைவிடப் படம் பிடிச்சதுதான் கூட. பறவாயில்லை. காய்ச்சுதுதானே? பாவக்காய்க்கு ஆர் படம் பிடிச்சாலும் ஒண்டுதான்.

ஊரில எங்களுக்கு ஐப்பசி எண்டால் மழை. வேலை தொடங்கிற காலம். இஞ்ச ஐப்பசி எண்டால் கடையைக் கட்டிற காலம். எல்லாம் தலைகீழ். ஆனால் கடையைக் கட்டிறதுக்கும் ஒரு கடைக்குப் போகவேணும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. அதை உன்னட்டைத்தான் படிச்சன்.

முதல்ல உந்தப் பச்சைத் தக்காளியைப் பார்ப்பம். ரொறன்ரோப் பக்கம் ஒக்ரோபர் நடுவில ஒருநாள் உறைபனி விழும். ஏரிக்கரையில கொஞ்சம் பிந்தும். வருசா வருசம் விழுகிறதுதான். ஆனால் ரிவியில சொன்ன உடன உங்கட தெருவே கலங்கிப்போகும். படுக்கை விரிப்பு வருது, போர்வை வருது, மனுசியின்ர பழைய சாறி வருது. எல்லாத்தையும் தக்காளிக்குப் போர்த்திறியள். சரி, இண்டைக்கு இரவு தப்பியாச்சு. நாளைக்கு? நாளையிண்டைக்கு? தைப்பொங்கல்வரைக்கும் போர்த்துவியோ? காயைப் பிடுங்கிக்கொண்டு உள்ளுக்கு வாவனடா!

முத்தி வெளிறின காயைக் கடதாசிப் பைக்குள்ள போடு. ஒரு வாழைப்பழத்தையும் கூட வை. வாயை மடிச்சு மூலையில வை. ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சால் பழுக்காது, ருசியும் கெடும். யன்னல் வெயிலும் தேவையில்லை. வாழைப்பழத்தில இருந்து எத்திலீன் எண்ட வாயு வரும். பழுக்கப் பண்ணிறது அதுதான். ஊரில வாழைக்குலையைக் கிடங்குக்குள்ள வைச்சு மூடிப் புகை ஊதினவைக்கு அந்த வாயுவின்ர பேர் தெரியாது. புகைக்குள்ள இருந்ததும் அதே வாயுதான். பேர் தெரியாட்டிலும் பழம் பழுத்தது. முத்தாத சின்னக் காயை எறிஞ்சுபோடாதை. தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கலாம். கொம்மாவைக் கேள்.

மிளகாய் காயவைக்க மெசின் வாங்கப்போறாய் எண்டும் கேள்விப்பட்டன். நான் பழங்கதை பேசேல்லை. இஞ்சத்தை ஒக்ரோபர் வெயில் கண்ணுக்குத்தான் வெயில், மிளகாய்க்கு இல்லை. முத்தத்தில மோர்மிளகாயைப் பரப்பினால் ஈரம் காய முதல் அணில் கணக்கெடுத்துப்போடும். அதுக்காக ஒரு கைப்பிடி மிளகாய்க்கு மெசினோ? பழுத்த மிளகாயை ஊசி நூலில கோத்துக் குசினியில தொங்கவிடு. ஹீற்றர் போட்ட வீட்டில காத்து எப்பிடிக் காயும் எண்டு உன்ர உதட்டைக் கேட்டால் சொல்லும். மிளகாய் காயாதோ?

பூசணிக்காயைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டன், எனக்கு வயிறு எரியும். முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிறவையைப் பற்றி ஊரில கேள்விப்பட்டிருக்கிறன். கோதை வைச்சுக்கொண்டு சதையைக் குப்பையில போடுறவையை இஞ்சதான் கண்டன். கோதுக்கு மூக்கு, பல்லு, உள்ளுக்கு விளக்கு. முந்தி அயர்லாந்துக்காரர் டேர்னிப் கிழங்கைத்தான் உப்பிடிக் குடைஞ்சவையாம். அவைக்காவது கிழங்கு. எங்கட பிள்ளையள் பூசணியையே குடையுதுகள். குடையட்டும், சின்னப்பிள்ளையளின்ர ஆசை. சதையை மட்டும் ஒரு சட்டியில போட்டு இந்தக் கிழவனிட்டைக் குடுத்துவிடு.

இப்ப இலைக்கு வருவம். உதுதான் எனக்கு வருசா வருசம் நல்ல பொழுதுபோக்கு. யன்னலடியில கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பன்.

மேப்பிள் மரம் சும்மா நிண்டு, சும்மா இலை கொட்டுது. உன்னட்டைக் காசு கேட்டுதோ? நீ என்ன செய்யிறாய்? காத்து ஊதிற மெசினை முதுகில கொழுவிறாய். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இலையை ஊதி ஊதிப் பக்கத்து வீட்டு எல்லையில விடுறாய். பின்னேரம் அந்த மனுசன் வேலையால வந்து அதே இலையைத் திருப்பி உன்னட்டை ஊதுது. கடைசியில ரெண்டு பேரும் சமாதானமாகிக் கடைக்குப் போய்க் கடதாசிப் பை வாங்கிறியள். இலையை அதுக்குள்ள அமத்தி, தெருக்கரையில அடுக்கிறியள். நகரசபை லொறி வந்து ஏத்திக்கொண்டு போகுது. அங்க அது உக்கி எருவாகுது. பனி கரைஞ்ச உடன நீ திரும்பக் கடைக்குப் போறாய். பிளாஸ்ரிக் பையில அடைச்ச எருவைக் காறில ஏத்திக்கொண்டு, முதுகு நோகுது எண்டு சொல்லிக்கொண்டு வாறாய். இலையைக் குடுக்கவும் காசு, எருவை எடுக்கவும் காசு. உன்னைப் படிப்பிச்சது ஆர் தம்பி?

எங்கட செம்மண் பக்கம், உரும்பிராய், கோண்டாவில், இணுவில் எல்லாம், தறைக்குக் குழை தாக்கிறது எண்டு ஒரு வேலை இருந்தது. வேலியில நிண்ட பூவரசையும் கிளிசரியாவையும் வெட்டி, சால் இழுத்துப் போட்டு, மண்ணால மூடுறது. வேலி எண்டால் வெறும் எல்லை இல்லை, அதுதான் உரக்கடை. ஆட்டுக்கும் அதில பங்கு. குழைக்காக அண்ணன் தம்பி கதை பேச்சில்லாமல் போன குடும்பங்களும் இருக்கு. அந்த ஆக்கள் எழும்பி வந்து, ஒரு தெரு நீளத்துக்கு இலையைப் பையில கட்டி வைச்சிருக்கிறதைப் பார்த்தால் என்ன சொல்லுவினம்? நல்லகாலம், அவைக்கு விசா கிடையாது.

இலையைப் புல்லு வெட்டிற மெசினால ஒருக்கால் ஓடி நறுக்கு. நாலு விரல், ஆறு விரல் உயரத்துக்குப் பாத்தியில பரவி விடு. காத்து அள்ளாமல் இருக்க மேல கொஞ்சம் தண்ணி தெளி. அவ்வளவுதான். மிச்சத்தை மண்புழு பார்க்கும். அதுக்குச் சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. கறுப்பு வால்நட் மரத்தின்ர இலையை மட்டும் சேர்க்காதை, அதில இருக்கிற யூக்லோன் தக்காளிக்கு ஆகாது. கருகல் நோய் வந்த தக்காளிக் கொடியையும் பாத்தியில விடாதை. அதைப் பையில கட்டி லொறிக்குக் குடு. பயித்தங்கொடியை வேரோட இழுக்காமல் அடியில வெட்டிவிடு. வேரில சின்னச் சின்ன முடிச்சுக் கிடக்கும், அதுக்குள்ள காத்தில இருந்து பிடிச்ச தழைச்சத்து. அதையும் பிடுங்கி எறிஞ்சிட்டு, பிறகு தழைச்சத்து எண்டு எழுதின போத்தலை வாங்கிறதோ?

பூச்செடித் தண்டை வெட்டாமல் விட்டால் தேனீ வகையள் சிலது அதுக்குள்ள குளிர் கழிக்குமாம். இதை நான் கனகாலமாய்ச் செய்துகொண்டு வாறன். அப்ப எனக்குச் சோம்பேறி எண்டு பேர். இப்ப நீ செய்தால் இயற்கை ஆர்வலர். இருக்கட்டும்.

அடுத்தது பெரியவர். கறிவேப்பிலையார்.

அவரை முத்தத்தில இருந்து வீட்டுக்குள்ள கொண்டு வாறதைப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புத் தோத்துப்போம். முன்னுக்கு ஒராள் கதவைப் பிடிக்க, பின்னுக்கு ஒராள் சாடியைப் பிடிக்க, மனுசி “மெல்ல, மெல்ல, கொப்பு முறிஞ்சிடும்” எண்டு கத்த, கொண்டுவந்து நடு விறாந்தையில இருத்திறியள். மேல லைற். பக்கத்தில ஈரக்காத்து விடுற மெசின். சாடியைச் சுத்திக் கம்பளி. அதே வீட்டுப் பேஸ்மென்ரில கொப்பர் ரெண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். “ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டு மோனை” எண்டு கேட்டால் “பில் வரும் அப்பா” எண்டுறாய். கறிவேப்பிலைக்குப் பில் வராதோ? கொப்பரும் ரெண்டு இலை விட்டிருந்தால் மேல கூப்பிட்டிருப்பாய்.

சரி, கேள். கறிவேப்பிலை தோடை, எலுமிச்சைக் குடும்பம். இரவில 10 பாகைக்குக் கீழ இறங்க முதல் உள்ளுக்கு எடு. எடுக்க முதல் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார். செதில்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும், சிவப்புச் சிலந்தி இருக்கும். சவர்க்காரத் தண்ணியால துடை. இல்லாட்டி அதுகளும் ஹீற்றர் சூட்டில உன்னோட சேர்ந்து நத்தார் கொண்டாடும். தெற்கு யன்னலடியில வை. மார்கழி, தையில இலை மஞ்சளாகிக் கொட்டும். உடன ஊரில இருக்கிற மாமிக்கு வீடியோக் கோல் எடுத்து அழாதை. பகல் குறுகினால் அது உறங்கும். நீ என்ன செய்வாய் எண்டு எனக்குத் தெரியும், தண்ணி ஊத்துவாய். இலை கொட்டக் கொட்ட ஊத்துவாய். வேர் அழுகும். இந்த நாட்டில குளிரில செத்த கறிவேப்பிலை கொஞ்சம், பாசத்தில செத்ததுதான் கனக்க. மேல்மண் காஞ்சு விரலுக்குத் தெரிஞ்சால் கொஞ்சம் விடு. உன்ர விரல் கம்பியைவிட மலிவு. பங்குனியில தானாய்த் துளிர்க்கும்.

முருங்கைக்கு அதுவும் வேண்டாம். கட்டையாய்த் தறிச்சு, சாடியோட பேஸ்மென்ரில ஒரு மூலையில வை, கொப்பருக்குத் துணையாய். மிளகாய்ச் செடியும் ஒரு வருசத்தோட சாகிற சாதி இல்லை. நல்லாய்க் காய்ச்ச ஒண்டைக் கிள்ளிக் குறைச்சு உள்ளுக்கு எடுத்தால் வாற வருசம் மற்றவைக்கு முந்திக் காய்க்கும்.

எல்லாம் செய்வாய். ஒண்டை மட்டும் மறப்பாய். வெளியில கிடக்கிற தண்ணிப் பைப். அதுக்கு இலை இல்லை, பூ இல்லை, படம் பிடிக்க ஒண்டுமில்லை, ஆர் நினைக்கிறது? தண்ணி ஐஸ் ஆகேக்கை நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பருக்கும். பைப்புக்குள்ள நிண்ட தண்ணி பருத்தால் பைப் வெடிக்கும். வெடிச்சது உடன தெரியாது, ஐஸ் கரையேக்கைதான் சுவருக்குள்ள ஓடும். பிறகு பிளம்பருக்குக் குடுக்கிற காசில ஒரு கறிவேப்பிலைத் தோட்டமே வைக்கலாம். ஹோசைக் கழட்டு. உள்ளுக்குப் போய் வால்வைப் பூட்டு. வெளியில பைப்பைத் திறந்து விட்டு மிச்சத் தண்ணியை வடியவிடு. மண்சாடியையும் கவிட்டு வை, அதுவும் அதே காரணத்தில வெடிக்கும். இது காசில்லாத வேலை. அதாலதானோ உனக்குப் பிடிக்கேல்லை?

கடைசியாய் ஒண்டு. வெறுமையாய்க் கிடக்கிற பாத்தியில உள்ளி நடு. எல்லாத்தையும் மூடிக்கட்டிற நேரத்தில நடுகிற சாமான் அது. ஊரில நட்டு நாங்கள் உள்ளியைக் கண்டதில்லை, கடையில வாங்கினதுதான். அதுக்கு இஞ்சத்தைக் குளிர் வேணும். குளிர் படாட்டி பல்லுப் பிரியாமல் ஒத்தைக் குண்டாய் நிண்டுபோடும். நீ நடுங்கிற குளிரில அது பல்லு வைக்குது பார்! பெரிய கடையில கிடக்கிற தூரதேசத்து உள்ளி முளைக்கும் எண்டு நிச்சயமில்லை. சந்தையில ஒன்ராறியோக் கமக்காரரிட்டைக் கெட்டித் தண்டு வகையாய் வாங்கு. பல்லைப் பிரி, தோலை உரிக்காதை. கூர் மேல, வேர்ப்பக்கம் கீழ, 5 சென்ரிமீற்றர் ஆழம், பல்லுக்குப் பல்லு 15 சென்ரிமீற்றர். மேல இலையைப் போட்டு மூடு. யூனில சுருண்டு வாற பூத்தண்டை முறிச்சு வறை வறுத்துத் தின். யூலையில அரைவாசி இலை காஞ்ச உடன கிண்டி எடு. மின்சாரமும் இல்லை, மெசினும் இல்லை. நீ ஸ்னோவைத் தள்ளிக்கொண்டு நிக்க, அது கீழ தன்ர பாட்டில வேர் விட்டுக்கொண்டு கிடக்கும்.

ஒக்ரோபர் முடியிறதுக்கிடையில நட்டுப்போடு தம்பி. நில்லு நில்லு எண்டு இருந்திட்டு, மார்கழியில மண் இறுகினாப் பிறகு அலவாங்கையும் தூக்கிக்கொண்டு என்ர வாசலுக்கு வராதை. கதவு திறக்கமாட்டன். வெளியில சரியான குளிராய் இருக்கும்.