பூக்கட்டும், பேர் சொல்றேன்

வாடா தம்பி, உக்காரு. கண்ணாடித் தொட்டியில நாலு செடியை நட்டு வெச்சுக்கிட்டு, கைப்பேசியை அதுக்கு நேரா நீட்டி "பேர் என்ன, பேர் என்ன"ன்னு கேக்குறியாமே? காலையில ஒரு பேர் சொல்லுதாம், சாயங்காலம் விளக்கை மாத்தினா வேற பேராம். சிரிக்காம என்னடா செய்வேன்?

அது கிரிப்டோகோரைன்டா. நம்ம சேம்புக்குச் சொந்தம். அதுக்குப் போயி கரியமில வாயு சிலிண்டர் வாங்கினியாம், தண்ணியைக் குளுரவைக்க ஒரு மிசினு, ஜப்பான் மண்ணு ஒரு மூட்டை. எத்தனை வெள்ளி போச்சு? வேணாம், சொல்லாதே, உங்கம்மா காதுல விழுந்துடும். கித்தாக்காடு வர்றதுக்கு முந்தி, தாழ்வான காட்டு ஓடையில, நெழல்ல, இலை மக்கிக் கெடந்த பழுப்புத் தண்ணியில அது பாட்டுக்கு வளந்துச்சு. அங்க எவன் சிலிண்டர் தூக்கிட்டுப் போனான்?

சரி, வம்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குருத்து இலையைப் பாரு. பாயைச் சுருட்டுற மாதிரி ஒரு ஓரத்துலேர்ந்து சுருண்டிருந்தா கிரிப்டோகோரைன். ரெண்டு ஓரமும் உள்பக்கமா மடிஞ்சு நடுவுல வந்து சேந்தா, அது லாகனாண்ட்ரா. இந்தியா, சிலோன் பக்கத்துப் பங்காளி. நீளக் காம்பை நீட்டி, மூணு வெள்ளை இதழோட பூத்தா, அது அமெரிக்காவுலேர்ந்து வந்த எக்கினோடோரஸ். இதுக்குக் கைப்பேசி எதுக்கு? கண்ணு எதுக்கு இருக்கு?

ஆனா, வம்சத்துக்குள்ள எந்த வகைன்னு இலையைப் பாத்துச் சொல்றான் பாரு, அவன்தான் கெட்டிக்காரப் பொய்யன். இந்தச் செடி நெழல்ல ஒரு இலை விடும், வெளிச்சத்துல ஒரு இலை விடும். தண்ணிக்குள்ள நீளம், தண்ணிக்கு மேல குட்டை. சிலோன்லேர்ந்து வந்த வெண்ட்டிங்கிற ஒரே வகையை கடைக்காரன் பச்சைன்னு ஒண்ணு, பழுப்புன்னு ஒண்ணு, செவப்புன்னு ஒண்ணு தொட்டி தொட்டியா வெச்சு விக்கிறான். நீயும் மூணையும் வாங்கிட்டு வந்திருக்கே. வாழ்க.

பூ பொய் சொல்லாது. அடியில மண்ணோட மண்ணா ஒரு சின்ன அறை, அதுக்கு மேல குழல், குழலுக்கு மேல ஒரு மடல். நாத்தத்தைத் தேடி வர்ற பூச்சி குழல் வழியா உள்ள எறங்கும். மாட்டிக்கும். அறைக்கு அடியில பெண்பூ, மேல ஆண்பூ. மகரந்தத்தைப் பூசிக்கிட்டுப் பிறகுதான் வெளிய வரும். அந்த மடலைப் பாரு: மஞ்சளா இருந்தா கார்டாட்டா, கருஞ்செவப்புல முரடா இருந்தா கிரிஃபித்தி, ஓரத்துல ரோமம் தொங்கினா கடல் தண்ணி ஏறி எறங்குற சேத்துல வளர்ற சிலியாட்டா.

அந்தக் கிரிஃபித்து யாருன்னு நெனச்சே? வில்லியம் கிரிஃபித், கிழக்கிந்தியக் கும்பெனி டாக்டரு. 1832ல மெட்ராஸ்ல வந்து எறங்கினவர். அசாம், பூட்டான், ஆப்கானிஸ்தான்னு சுத்திட்டு, 1845 பிப்ரவரி 9ஆம் தேதி நம்ம மலாக்காவுலதான் கண்ணை மூடினார். 35 வயசு நெறையல. கார்டாட்டாவுக்குப் பேர் வெச்சது அவரு. அவரு பேரை இன்னொண்ணுக்கு வெச்சாங்க. நாம இருக்கிற சுங்கை ஊடாங்குலேர்ந்து மலாக்கா டவுன் எவ்வளவு தூரம்? நீ ஜப்பான் மண்ணைத் தேடுறே.

பெரிய மனுசன் கதை ஒண்ணு கேளு. ரிட்லின்னு சிங்கப்பூர் பூந்தோட்டத்துத் துரை. மரம் சாகாம கித்தாப் பால் வெட்டுற வழியைக் காட்டினவர். அவர் கொடுத்த விதையிலதான் 1896ல நம்ம புக்கிட் லிந்தாங்ல தான் சாய் யான்னு ஒருத்தர் கித்தா நட்டாரு. உங்க பாட்டன் கித்தாத் தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடினதுக்கு ரிட்லியும் ஒரு காரணம். அந்த ரிட்லி 1904ல பர்ப்யூரியான்னு புது வகை ஒண்ணு எழுதி வெச்சாரு. பின்னால வந்தவங்க நோண்டிப் பாத்தா, அது கிரிஃபித்தியும் கார்டாட்டாவும் கலந்து பொறந்த பிள்ளை! ரிட்லிக்கே கண்ணாமூச்சி காட்டின செடி, உன் போனுக்கு ஒரு நொடியில சாதகம் சொல்லிடுமா?

இன்னொண்ணு. எடம் மாத்தி நட்டா இலையெல்லாம் கூழாக் கரையும். "செத்துப்போச்சு தாத்தா"ன்னு அழுதுக்கிட்டுப் பிடுங்கி எறியாதே. வேர் உசுரோடதான் இருக்கும். சில வாரத்துல புது இலை விடும். நாளைக்கு நாலு தரம் பிடுங்கிப் பாத்தா எந்தச் செடிடா பொழைக்கும்?

காட்டு ஓடையில மிஞ்சினதையும் போயி பிடுங்காதே. ஓடை நெலமெல்லாம் செம்பனையும் வீடுமா மாறினது போதும். வீட்டுல இருக்கிறதையே ஒரு சட்டியில நட்டு, தண்ணியை இறக்கி, மண்ணை ஈரமா வெச்சு, மூடிப் போட்டுட்டு உன் வேலையைப் பாரு. மாசக்கணக்குல ஆகும். பூத்துச்சுன்னா என்னைக் கூப்பிடு. அதுவரைக்கும் தொட்டியில ஒட்டி வெச்சிருக்கிற பேர்ச் சீட்டைக் கிழிச்சுப் போடு.