பொற்காலத்தைத் தூர்வாரியது

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. கிணற்றடியில் பதினாலு பேர். ஒருத்தர் முகமும் தெரியாது. எல்லாரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்திருக்கிறார்கள். காமிராவுக்குக் கிடைத்தது பதினாலு பின்புறங்கள். 'மே 1986. நம் குடும்பத்தின் பொற்காலம். என்ன ஒற்றுமை! கஷாயம் குடித்தே 91 வயது வாழ்ந்த தாத்தாவின் காலம்!' என்று எழுதி, கும்பிடும் கை ஆறு போட்டிருந்தான் நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன்.

அவனுக்கு அப்போது நாலு வயது. அந்தக் கோடையில் அவன் ஆற்றிய ஒரே பணி, தட்டட்டியில் ஆச்சி பிழிந்து வைத்திருந்த கூழ்வத்தல் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தது. வரலாறு எழுதுகிற பொறுப்பு ஏனோ இப்படிப்பட்டவர்களிடம்தான் போய்ச் சேருகிறது. எனக்கு அப்போது பதினொன்று. எதையும் செய்ய விடமாட்டார்கள், எதையும் பார்க்காமலும் இருக்க முடியாது. ஆகவே நான் சொல்கிறேன்.

வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால். வாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும், அவ்வளவு நீளம். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணறு. அதற்கும் அப்பால் ஒரே ஒரு கக்கூஸ். அந்த மே மாதம் அதை நம்பி வாழ்ந்தவர்கள் 19 பேர். ரேஷன் கடையில் பை போட்டு இடம் பிடிப்பதுபோல, அதிகாலை நாலரை மணிக்கே செம்புகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். மாமாவின் செம்பை அத்தான் ஒருநாள் இரண்டு இடம் பின்னால் நகர்த்தி வைத்ததில் அப்பாவும் பிள்ளையும் மூன்று நாள் பேசவில்லை. மேற்படி ஒற்றுமை இதுதான்.

மதராஸ்காரர்கள் எழும்பூரில் ஏறி, மீட்டர் கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே வருவார்கள். எந்த ஊர்ப் பலகாரம் கொண்டுவருகிறார்கள் என்பதை வைத்து அவர்கள் எத்தனை மணிக்கு முழித்தார்கள் என்று ஆச்சி கண்டுபிடித்துவிடுவாள். மணப்பாறை முறுக்கு என்றால் மூட்டைப்பூச்சிக் கடி, ராத்திரி தூங்கவே இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய் என்றால் விடிந்துதான் எழுந்திருக்கிறார்கள். கடம்பூர் போளியோடு வந்து இறங்குகிறவன் சோம்பேறி. அவனுக்குப் பெண் கொடுக்கலாகாது.

சித்தி கையில் மட்டும் வருஷா வருஷம் சாத்தூர்க் காராச்சேவு இருக்கும். அவளுக்குப் பிறந்த ஊரே சாத்தூர். ரயில் நிற்கிற இரண்டு நிமிஷத்துக்காக அவளுடைய அண்ணன் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பார். அந்தச் சேவை ஆச்சி தொட்டதில்லை. "பல்லுக்கு ஆகாதும்மா" என்பாள். அதே பல்லால் மணப்பாறை முறுக்கைக் கடிப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

காரணம் ஒரு வெள்ளி டம்ளர். தாத்தா பத்திரம் எழுதுகிறவர். அசையாச் சொத்து, அசையும் சொத்து எதுவானாலும் பெயர் பொறித்தாக வேண்டும் அவருக்கு. அந்த டம்ளரில் தன் இனிஷியலும் '5-9-62' என்ற தேதியும் வெட்டி வைத்திருந்தார். 1974-ல் அத்தான் காதுகுத்தன்று அது காணாமல் போனது. அன்றைக்குச் சித்திக்குக் கல்யாணமாகி நாலு மாசம். சாத்தூரிலிருந்து அவளுடைய அம்மா, அப்பா, ஒரு பெரிய பை மூவரும் வந்திருந்தார்கள். ஆச்சி யாரையும் திருடி என்று சொல்லவில்லை. "பை பெருசா இருந்துது" என்று மட்டும் சொன்னாள். 12 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளையடிப்பை நான் அதிகம் நீட்டப்போவதில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் மூன்று நாள் வேலை. வீட்டு ஆண்கள் நாங்களே அடிக்கிறோம் என்று இறங்கியதில் பதினொரு நாள். அப்பா சுண்ணாம்பு நீற்ற, அது கொதித்து எழும்ப, சித்தப்பா நீலத்தைக் கலந்தார். எவ்வளவு கலப்பது என்று ஆச்சியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆம்பிளை என்று யார் மதிப்பார்கள்? காய்ந்தபோது பட்டாசல் முழுக்க நீலகண்டனின் தொண்டை நிறம். தபால்காரர் கதவு மாறிவிட்டது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அத்தான் ஒரு வேலையும் செய்யவில்லை. ஏப்ரல் 18 அன்று ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் மியாந்தத் சிக்ஸர் அடித்திருந்தார். அத்தானுக்குத் துக்கம் ஒரு மாசமாகியும் ஆறவில்லை. அந்தப் பந்தைச் சேத்தன் சர்மா எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று ஈரச் சுவரில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்று வட்டங்கள் இன்னமும் இருக்கின்றன.

குற்றாலத்துக்கு வருகிறேன். சீசன் ஜூனில்தான் தொடங்கும் என்பது தென்காசிப் பக்கத்துக் குரங்குகளுக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பதால் தாத்தா சீசனை மே மாதத்துக்கு மாற்றிவிட்டார். "மேக்க இருட்டிக்கிட்டு வருது, சாரல் நிச்சயம்" என்றார். ஒரு மெட்டடார் வேன், அதில் 19 பேர், ஒரு அண்டா புளிச்சாதம், ஒரு வாளி துவையல். அருவியில் எண்ணெய் போக நிற்க வேண்டும் என்பதால் வீட்டிலேயே எல்லார் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் அரைப்படி அரைப்படியாகத் தேய்த்தாயிற்று. அறுபது கிலோமீட்டர். வேன் சீட் எண்ணெய் குடித்தது. வளைவுகளில் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் வழுக்கி, கிளம்பிய வரிசைக்குச் சம்பந்தமே இல்லாத வரிசையில் போய் இறங்கினோம்.

பேரருவியில் பாறை இருந்தது. அருவி இல்லை. நடுவில் ஓரிடத்தில், சரியாக மூடாத குழாயிலிருந்து வருவதுபோல ஒரு நூல். அதன் கீழே ஏற்கெனவே ஒரு கல்யாணக் கோஷ்டி வரிசையில் நின்றது, அவர்களும் எண்ணெயோடு. ஐந்தருவிக்குப் போனோம், ஐந்துக்கும் சேர்த்து ஒரு நூல்கூட இல்லை. திரிகூடராசப்பக் கவிராயர் மே மாதத்தில் வந்திருந்தால் குறவஞ்சி என்று ஒன்று நமக்குக் கிடைத்தே இருக்காது. "வந்ததுக்குச் சித்திர சபையாவது பாப்போம்" என்றார் தாத்தா. எண்ணெய் சொட்ட எப்படிப் போவது? "தாமிர சபை வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அங்க எண்ணெ இல்லாம போவலாம்" என்று ஆச்சி வேனில் ஏறிவிட்டாள். புளிச்சாதத்தைக் குரங்குகள் பாதி தின்றன. கடைசியில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் குறுக்குத்துறையில், தாமிரபரணியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சீயக்காய் போட்டுக் குளித்தோம். நூற்றிருபது கிலோமீட்டர் சுற்றி வந்து தெருமுனை ஆற்றில் குளித்த குடும்பம் எங்களுடையது. வாட்ஸப்பில் இது 'குற்றால அருவிக் குளியல்' என்று பதிவாகியிருக்கிறது.

அடுத்த வாரம் திருச்செந்தூர். அதே வேன், டிரைவர் மட்டும் சீட்டில் தார்ப்பாய் விரித்திருந்தார். இந்த முறை இடைஞ்சல் பெரியப்பா ரூபத்தில் வந்தது. அவர் சரித்திர வாத்தியார். ஆதிச்சநல்லூர் வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னார். உச்சி வெயில். எதிரே சரளைக்கல் பரம்பு. முதுமக்கள் தாழி இதற்குள்தான் இருக்கிறது, 1876-ல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி எடுத்துப் போனார், பிறகு 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ வருஷக்கணக்கில் தோண்டினார், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தது என்று கையை வீசி விளக்கினார். "பொருள் முக்கியமில்ல பிள்ளைகளா. எந்த மண்ணடுக்குல கெடந்துதுங்கறதுதான் முக்கியம். ஒரே அடுக்குல ரெண்டு சாமான் சேந்து கெடந்தா, ரெண்டும் ஒரே காலம். சேந்து பொழங்குனது. இது விதி."

"செத்தவன் பானையப் பாக்கவா முருகன நிக்க வச்சிட்டு இங்க நிக்கோம்?" என்றாள் ஆச்சி. வேன் கிளம்பியது. விதி மட்டும் என் மண்டையில் தங்கிவிட்டது.

இனி கிணறு. மே கடைசியில் தண்ணீர் அடியைத் தொட்டுவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் அப்போதுதான் தூர் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பல வருஷமாக எடுக்கவில்லை. தாத்தா விடவில்லை. ஒரு வருஷம் பஞ்சாங்கத்தில் நாள் சரியில்லை. ஒரு வருஷம் வாஸ்து. "கெணத்துல கங்கை இருக்கா. கலக்கப்பிடாது" என்று ஒரு வருஷம். தேவாரம் பாடாமல் பல் தேய்க்காத மனுஷர் சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவது? ஆனால் 86-ல் வாளியில் தண்ணீரோடு சேறும் வரத் தொடங்கியது. தாத்தா வீரவநல்லூரில் ஒரு பத்திரம் எழுதப் போயிருந்த நாளாகப் பார்த்து அப்பா ஆள் கூட்டி வந்துவிட்டார்.

ஒருத்தர் கயிற்றில் இறங்கினார், ஒருத்தர் மேலே. முதல் மணி நேரம் வெறும் சேறு. அப்புறம் வரிசையாக வந்தது எங்கள் சரித்திரம். பதினொரு ரப்பர் பந்து. ஏழு கரண்டி. அடி போன வாளி ஒன்று. பெரியப்பாவின் சவரப் பெட்டி மூடி. பிறகு ஒரு பாதாளக் கரண்டி. இதைப் பார்த்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் இரவல் வாங்கிய கரண்டி அது. வழக்கப்படி ஈடாக எங்கள் பித்தளைத் தவலையை அங்கே வைத்துவிட்டு வாங்கிவந்து, வாளியை எடுக்கப் போட்டு, கரண்டியே அறுந்து விழுந்திருக்கிறது. கரண்டியைத் திருப்பித் தந்தாயிற்று, தவலையைத் தரமாட்டேன் என்கிறாள் என்று எதிர்வீட்டு மதினியோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பகல் மூன்று மணி இருக்கும். தாத்தா பத்திரத்தை முடித்துக்கொண்டு குடையோடு புறவாசல் வரை வந்து, கிணற்றடிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அதே நேரம் உள்ளேயிருந்து குரல். "அண்ணாச்சி, வெள்ளி மாதிரி ஒண்ணு கெடக்கு!"

பதினாலு பேர் குனிந்தார்கள். மாமா தன் ஆக்ஃபா க்ளிக்கில் மீதியிருந்த கடைசிப் படத்தை அப்போதுதான் எடுத்தார். அந்தப் படம்தான் இந்தப் படம்.

சட்டியில் மேலே வந்தது டம்ளர். ஆச்சி முந்தானையால் துடைத்தாள். இனிஷியல், 5-9-62. யாரும் சித்தியைப் பார்க்கவில்லை; அதாவது, எல்லாரும் அவளைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். சித்தி வாயே திறக்கவில்லை. நாலு வயசுக்காரனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இதுகூடயே இதுவும் கெடந்துது" என்று கீழிருந்து இன்னொன்று வந்தது. தட்டையான ஒரு கண்ணாடிக் குப்பி. சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. திருகு மூடி. மருந்துக் குப்பி இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் ஒளி. "பாத்தியளா? நான் சொல்லல? ஒரே அடுக்கு! அப்போ ரெண்டும் ஒரே காலம், சேந்து பொழங்குனது. டம்ளர் போனது 74. ஆக, இந்தக் குப்பியும்..."

வாத்தியார்களின் குறை இதுதான். விதியைச் சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-ல் மறுபடி கொண்டுவந்தார்கள் என்பதை வகுப்பில் நடத்துகிறவரும் அவர்தான். 71-லிருந்து தாத்தாவுக்கு வாயுத் தொல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாகக் கிணற்றடியில் உட்கார்ந்து கஷாயம் சாப்பிடுவார். வாடை ஆகாது என்று யாரையும் கிட்டே சேர்க்கமாட்டார். 74-ல் வாயு தானாகக் குணமாகிவிட்டது. நெல்லையப்பர் அருள் என்று வீட்டில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். காதுகுத்தன்று வீடு நிறைய ஆள். இருட்டில் யாரோ செம்போடு வந்திருக்க வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் பொத்தென்று கங்கையிடம் ஒப்படைத்துவிட்டார்.

பெரியப்பா வாய் பாதியில் நின்றது. எல்லாரும் புறவாசலைத் திரும்பிப் பார்த்தோம். குடை மட்டும் சாத்தியிருந்தது. தாத்தா சாயரட்சைக்குக் கோவிலுக்குப் போய்விட்டார். நடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தார். அதற்குள் ஆச்சி அவருடைய சம்புடத்திலிருந்தே ஒரு கை திருநீற்றை அள்ளிப் போட்டு டம்ளரைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். காப்பி போட்டாள். வெள்ளி டம்ளரைச் சித்தியிடம் நீட்டி, "குடி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை எடுத்து மொறுமொறுவென்று மென்றாள். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் அந்த வீட்டில் பேசப்பட்டதில்லை, அன்றும் பேசப்படவில்லை.

தாத்தாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் 17 பேருக்கும் கேட்கும்படி ஆச்சி கேட்டாள்:

"கேக்கியளா? இதுல கஷாயம் ஏதும் கலக்கணுமா?"