குக்கர் விசிலும் சங்கராபரணமும்: கீழ்வேளூரில் இணையவழி இசைத் தேர்வுத் தயாரிப்பு குறித்து ஓர் ஆய்வு

இணையவழியில் இசை படிப்பவர் தேர்வு நெருங்கும்போது பாடுவதைவிட வீட்டை அடக்குவதற்கே அதிகம் பாடுபடுகிறார் என்பது இவ்வாய்வின் கருதுகோள். களம், நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூர் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். இவ்வூர்ச் சிவனான கேடிலியப்பரைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து வந்த முத்துசுவாமி தீட்சிதர் அதே சாமி மீது ‘அக்ஷயலிங்க விபோ’ என்று சங்கராபரணத்தில் ஒரு கீர்த்தனையே செய்துவைத்தார். இத்தனை பேர் இணைய இணைப்பு இல்லாமல் பாடிய ஊரில், இணைப்போடு பாடுவதற்கு ஏன் இத்தனை பாடு என்பதை ஆய்வுலகம் இதுவரை கேட்காமல் விட்டது வியப்பே.

முதலில் சுருதி. தேர்வர் செல்போனில் தம்பூரா செயலியை ஓடவிட்டு, அதை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிறார். அந்தப் பக்கம் குரு, “சுருதி போட்டுக்கோம்மா” என்கிறார். “போட்டிருக்கேன் சார்.” “காதுல விழலையே!” இருவர் சொல்வதும் உண்மை. வீடியோ அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அதை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது தம்பூராவின் பிறவிக்குணம். திடீரென்று கிளம்பி அடங்கும் குக்கர் விசில் அந்த வடிகட்டியிலிருந்து பெரும்பாலும் தப்பி, முழு ஆரோக்கியத்துடன் குருவைச் சென்றடைகிறது. ஜூமில் இசைக்காரர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் தம்பூரா கேட்கும். கூடவே மின்விசிறி, கொல்லைப்புறக் கோழி, அறுவடைக் காலமானால் வயலில் ஓடும் இயந்திரம் எல்லாம் கேட்கும்.

களப்பணியில் பதிவான உரையாடல் ஒன்று:

“ஏண்டி, குக்கர் வச்சிரவா?”

“இரும்மா, சரணம் இன்னும் முடியல.”

“ஒன் சரணம் முடியறதுக்குள்ள உப்புமாவே கிண்டிருவேன்.”

அம்மாவின் கணக்கில் பிழையில்லை. சௌக்க காலத்தில் நடக்கும் தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு அவசரம் என்பதே தெரியாது.

அடுத்தது தாளம். இதில்தான் ஆய்வு சூடுபிடிக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். அழைப்பில் பத்தில் ஒரு நொடி தாமதம் என்றால், குரு 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்து தாளம் போடுகிறார் என்று பொருள். அதாவது சன்னதித் தெருவில் ஏழெட்டு வீடு தாண்டி. இணைப்பு இழுத்தால் அவர் ஊர் எல்லைக்கே போய்விடுவார். அவர் தட்டுவதைக் கேட்டுத் தேர்வர் பாட, அந்தப் பாட்டு அதே தாமதத்தோடு திரும்பிச் சேர, மிச்ரசாபு தாளத்தின் ஏழு அட்சரம் குருவின் காதில் ஏழரையாகிறது. ஏழரை என்றதும் பாட்டி சனிப்பெயர்ச்சி பற்றி விசாரித்ததாகவும் பதிவு உள்ளது. இதனால்தான் இணைய வகுப்பில் இருவரும் சேர்ந்து பாடுவதில்லை. குரு ஒரு வரி பாடி நிறுத்த, மாணவி வாங்கிப் பாடுகிறாள்.

எழுத்துத் தேர்வுக்குத் தயாராவது தனிக் கலை. சென்னை ஐஐடி வழியாக லக்ஷ்மி ஸ்ரீராம் நடத்திய ‘அப்ரிஷியேட்டிங் கர்னாடிக் மியூசிக்’, என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் பாடங்களில் ஒன்று. என்.பி.டி.இ.எல். கணக்குப்படி வாராந்தர ஒப்படைப்புக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால் சான்றிதழ். கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறியிட்டுச் சொல்லும் தேர்வுகளுக்கு 72 மேளகர்த்தா ராகங்களின் அட்டவணையைவிட உகந்த விளைநிலம் கிடையாது. பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேள எண் வரும், இதுதான் கடபயாதி. மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று; 51-ஐத் திருப்பினால் 15.

சங்கராபரணத்தின் மேளப் பெயரான தீரசங்கராபரணத்தில்தான் தமிழ் வழி மாணவர் வழுக்குகிறார். வடமொழியின் நான்கு தகரங்களுக்கும் தமிழில் ஒரே ‘த’. கடபயாதியிலோ அவை முறையே 6, 7, 8, 9. ‘ர’ இரண்டு. ஆகவே விடை 26, 27, 28, 29 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். சாருகேசி, சரசாங்கி, அரிகாம்போதி, சங்கராபரணம் என்று நான்கும் வரிசையாக நிற்கின்றன. கேள்வித்தாள் தயாரிப்பவர் மெனக்கெடவே வேண்டாம். தமிழ் நெடுங்கணக்கே நான்கு விடைகளையும் கொடுத்துவிடுகிறது. சரியானது 29. ஊர்ச் சாமிக்கே உரிய ராகம் என்பதால் கீழ்வேளூர்த் தேர்வர் இதில் தவறுவது தெய்வ குற்றமாகவும் கருதப்படும்.

என்.பி.டி.இ.எல். இறுதித் தேர்வு நாளில் கருதுகோளுக்கு எதிர்பாராத சோதனை ஒன்று வந்தது. பாடம் இணையத்தில் நடந்தாலும் தேர்வை, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய்க் கணினியில் எழுத வேண்டும். அங்கே குக்கர் இல்லை, கோழி இல்லை, குளிரூட்டி வேறு. தேர்வர் வாயே திறக்க வேண்டியதில்லை, மவுஸ் போதும். திரும்பி வந்தவளிடம் அத்தை, “நல்லா பாடுனியா?” என்று கேட்டதற்கு அவள் தந்த விடையை, நெறிமுறை கருதி ஆய்வாளர் இங்கே தவிர்க்கிறார்.

வயலின் மாணவர்களையும் இதே முறையில் ஆராயும் திட்டம் உண்டு. பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.