கேள்விக்காரச் சேர்

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் இந்த ரக ஆசிரியரைக் கண்டுபிடிப்பது சுலபம். வகுப்பறை காலியாக இருக்கும். கரும்பலகையில் தேதி மட்டும் இருக்கும். எந்த மலையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்கிறதோ அங்கே ஏறினால் ஆள் நிற்பார். முழங்கால்வரை மடித்த கால்சட்டை, கம்பி ஒடிந்த குடை, சட்டைப் பையில் ஒரு காந்தமும் ஓர் உப்புப் பொட்டலமும். உப்பு அட்டைக்கு. அட்டையை விரட்டத்தான் என்று நினைத்தால் உங்களுக்கு இவரைத் தெரியாது. உப்புப் பட்டதும் அது ஏன் சுருங்குகிறது என்று கேட்பதற்கு.

இவருக்குப் பதிலே தெரியாது என்பது லயத்துப் பேச்சு. "சேர், அட்டை கழன்ட பொறகும் ரத்தம் ஏன் நிக்கல?" என்று கேட்டால், "நீ என்ன நெனைக்கிற?" என்பார். பிறகு அட்டை கடித்தவனையும் முள் கீறியவனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மூன்றாமவனிடம் கொடுத்துவிடுவார். முள்ளுக்காரன் ரத்தம் உறைந்து விளையாடவே போய்விடுவான். அட்டைக்காரன் நகரமாட்டான், தன் காயம்தான் ஜெயித்தது என்ற பெருமை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லும்வரை சேர் வாய் திறப்பதில்லை.

"பாடத்தச் சொல்லிக் குடுங்க சேர். அட்டைய நாங்க தெனமும் மலையில படிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் ஒரு தாய். அவருடைய கவலை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். வெட்டுப்புள்ளிக்கு அட்டையைத் தெரியாது. நியாயமான கவலைதான், லயத்துக் காம்பராவிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக இருக்கும் வாசல்களில் அது ஒன்று. சேரும் பொறுமையாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு மறுநாள் பிள்ளைகளைத் தெமோதரைக்குக் கூட்டிப் போனார்.

பதுளையிலிருந்து வரும் கோச்சி தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, குன்றைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனில் வந்து நிற்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது போட்ட பாதை. வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்து பார்க்கிறார்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு அது காலையில் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"நேரா ஏறுனா சீக்கிரம் வந்துருமே, ஏன் சேர் சுத்துது?"

கேட்டவனுக்கு வினை. தண்ணீர் நிரம்பிய கேனோடு பாதிப் பேர் மலைச்சரிவில் நேராக ஏற வேண்டும். மீதிப் பேர் அதே மாதிரிக் கேனோடு வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில். நேர்ப்பாதைக்காரர்கள் முந்தி வந்தார்கள், வந்ததும் புல்லில் மல்லாந்தார்கள். பாதிக் கேன் வழியிலேயே கொட்டியிருந்தது. சுற்றுப்பாதைக்காரர்கள் தாமதமாக, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒரு சிறுமி சொன்னாள்: "கோச்சியும் எங்கம்மா மாதிரித்தான் சேர். சுமையோட நேரா ஏறாது."

அங்கிருந்து ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்த அதில் இரும்பு உத்திரமே இல்லை, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான் என்று ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த வாரம் அதிபரின் பூப்பாத்தியில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

இதையெல்லாம் தோட்டம் பொறுத்துக்கொண்டது. வம்பு தராசில்தான் வந்தது.

சேர் ஒரு பழைய ஸ்பிரிங் தராசு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கித் தொங்கவிட்டார்கள்: செருப்பு, புத்தகப் பை, யாரோ வீட்டுக் கோழி. கோழிக்குப் பிறகு கொழுந்துச் சாக்கு. காய்ந்த சாக்கு எவ்வளவு, பீலித் தண்ணீரில் நனைத்த சாக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதினார்கள். சும்மா விளையாட்டு. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, தண்ணிக்கு என்று கழிப்பது தோட்டத்துப் பழைய வழக்கம். அதில் பெரியவர்களுக்கு முணுமுணுப்பு உண்டு, கணக்கு இருந்ததில்லை. இப்போது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கொப்பியில் இருந்தது.

அது ஜூலைக் கடைசி. கச்சான் காற்று மலையைக் காயவைக்கும் காலம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தந்த மணமே இந்தக் காய்ச்சலில்தான் ஏறுகிறது. பின்னேரம் கொழுந்து மடுவத்தில், அம்மாவின் படங்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பொடியன் கேட்டான்:

"ஐயா, மழையே பெய்யலியே. தண்ணிக்கு எதுக்குக் கழிக்கிறீங்க?"

வரிசை முழுக்க அமைதி. பிறகு யாரோ ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை.

மறுநாள் கணக்கப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "என்ன சேர், புள்ளைகள இப்பவே சங்கத்துல சேத்துட்டீங்களா?"

"நிறுவைப் பாடங்க. கணக்குப் புத்தகத்துல இருக்கு" என்றார் சேர். உண்மையில் இருந்தது, எடுத்துக் காட்டினார். கணக்கப்பிள்ளை பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோழிப் படம் போட்டிருந்த பயிற்சியை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

அவர் போன கையோடு புலமைப்பரிசில் தாய் வந்தார். வாசலிலேயே நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"சேர், அந்தத் தராச ஒரு கெழமைக்கு இரவல் தருவீங்களா?"