காரை பெயர்ந்த சுவரும் பதினாலு வெள்ளிக் காபியும்

1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது, தீவின் பக்கம் அது வந்து இறங்கிய இடம் கெலுகோர். இறங்கியதோடு சரி. வார இறுதியில் பெருநிலத்திலிருந்து வரும் கார்கள் கெலுகோரில் மூச்சுக்கூட விடுவதில்லை. கடலோர விரைவுச்சாலையில் வளைந்து நேரே ஜார்ஜ்டவுனுக்குப் பறந்துவிடும். எல்லாம் சாப்பிடத்தான். யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவுக்குப் பின்பக்கம் குடியிருக்கும், அறுபதைத் தொட்ட கெலுகோர்க்காரர் ஒருவர், இந்த ஊர்வலத்தைப் பல வருஷம் கேலி பேசிவிட்டு இப்போது தானும் அதில் சேர்ந்துவிட்டார். காரணம் அண்ணன் மகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் அவளுக்கு ஞாயிறுதோறும் ஒரு புதுக் கஃபே பார்த்தாக வேண்டும். தனியாகப் போனால் இரண்டு தட்டைத்தான் படம் எடுக்கலாம். சித்தப்பாவும் வந்தால் நாலு.

முதல் கஃபேயில் அவர் கண்ணில் பட்டது சாப்பாடு அல்ல, சுவர். காரை பெயர்ந்து, செங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

“பூச்சு வேலை இன்னும் முடியலையாம்மா?”

“இதுதான் சித்தப்பா டிசைன்.”

மனிதர் அதிர்ந்துபோனார். அவருடைய அப்பா காலத்தில் இப்படி ஒரு சுவர் இருந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வருஷக்கணக்கில் காசு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய தலைமுறை அது. அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க இப்போது ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறார்கள். அந்தக் கூலி காபி விலையில் ஏறுகிறது.

சுவர் இப்படி நின்றதற்கு ஒரு கதை உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஆணி அடித்து நிறுத்தி வைத்திருந்தது. வாடகை ஏறாததால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை, இடிக்கவும் முடியவில்லை. தகர வேலைக்காரரும் பிரம்பு பின்னுபவரும் கீழே தொழில் நடத்தி, மாடியில் குடும்பம் நடத்தினார்கள். 1997இல் சட்டத்தை ரத்து செய்து, 2000 ஜனவரி முதல் தேதி கட்டுப்பாட்டை எடுத்ததும் வாடகை எகிறியது, குடியிருந்தவர்கள் கிளம்பினார்கள். காலியான வீடுகள் நிறைந்த ஜார்ஜ்டவுனுக்கு 2008 ஜூலையில் யுனெஸ்கோ வந்து, மலாக்காவோடு சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டம் சூட்டியது. 2012இல் லித்துவேனியாக்காரரான எர்னஸ்ட் ஸகாரேவிச் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில் சைக்கிளோட்டும் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அதைப் பார்க்க வந்த கூட்டம் வெயிலில் காய்ந்தது. காய்ந்த கூட்டத்துக்கு உட்கார ஓர் இடமும் ஐஸ் போட்ட ஏதோ ஒன்றும் வேண்டியிருந்தன. மற்றதெல்லாம் தானாக நடந்தது. அதற்கு முந்தின வருஷமே சைனா ஹவுஸ் மூன்று கடைவீடுகளைக் கோத்து, பீச் ஸ்ட்ரீட்டில் நுழைந்தால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் வெளியே வரலாம் என்ற அளவுக்குப் பெரிய கஃபேயாகிவிட்டது. நடுவில் நீள மேசை நிறைய கேக். அந்த மேசையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் மன உறுதி உள்ளவர்கள்.

அண்ணன் மகளுக்குப் பிடித்த இன்னொரு கடையில் காபி போடுவதே ஒரு பூஜை. பையன் கொட்டையை நகைக்கடைத் தராசில் நிறுத்தான், கடிகாரத்தை ஓடவிட்டான், வாத்துக்கழுத்துக் கெண்டியிலிருந்து வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினான். எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே கொட்டையாம். மல்லிகை வாசமும் எலுமிச்சைப் புளிப்பும் தெரியும் என்றான். மல்லிகை வாசம் வேண்டுமென்றால் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் பக்கம் போயிருக்கலாமே என்று இவர் முணுமுணுத்தார். குடித்துப் பார்த்தபோது மல்லிகை தெரியத்தான் செய்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். விலைப் பட்டியலில் வெறும் ‘14’ என்று போட்டிருந்தது. வெள்ளியா, மேசை எண்ணா என்று தெரியவில்லை. பில் வந்தபோது சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, அரசாங்கத்தின் சேவை வரி ஆறு விழுக்காடு எல்லாம் ஏறி, அது வெள்ளிதான் என்று உறுதியானது.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் அல்ல. “ஓட்ஸ் பால்ல ஐஸ் லாட்டே, சீனி கம்மி” என்று அவள் சொன்னதற்கு இவர் சிரித்தபோது, அன்று காலை கோப்பித்தியாமில், அதாவது சீனர் காபிக்கடையில், அவர் என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டாள். அவர் சொன்னது: “தவுக்கே, கோப்பி-சி கோசோங் பெங், கௌ!” பால் கெட்டிப்பாலாக இருக்கக் கூடாது, டின்னில் வரும் சுண்டப்பாலாக இருக்க வேண்டும், சீனி கூடாது, ஐஸ் வேண்டும், டிக்காஷன் திக்காக இருக்க வேண்டும். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்திருக்க வேண்டும், துணிப்பையில்தான் வடிகட்ட வேண்டும் என்பவை சொல்லாமலே அடங்கிய நிபந்தனைகள். இதில் ஒன்று தவறினாலும் அந்தக் கடைக்கு ஒரு மாதம் போகமாட்டார். “யாரு சித்தப்பா ரொம்ப அலட்டுறது?” என்றாள்.

கேள்வி நியாயமானது. ஒரே பண்டத்துக்கு ஒரு கடை, அதற்கு ஒரு வரிசை, உட்கார இடமில்லாத பெருமை, இவையெல்லாம் நாகரிகக் கஃபேக்காரர்கள் கண்டுபிடித்தவை என்று நினைப்பவர்கள் பினாங்கில் சாப்பிட்டதில்லை. கெங் குவீ ஸ்ட்ரீட் மூலையில் தியோச்சியூ செண்டோல் 1936 முதல் ஓடுகிறது. இன்றும் பலர் சந்தில் நின்றபடிதான் கிண்ணத்தைக் காலி செய்கிறார்கள். கேம்பல் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் தோ சூன் கடையில் ரொட்டியைக் கரியடுப்பில் வாட்டித் தருவார்கள். பேங்காக் லேன் மீ கோரெங், சீனரின் கோப்பித்தியாமுக்குள் தமிழ் முஸ்லிம் குடும்பம் போடும் அடுப்பு. இவர்களிடம் போய் “வேறென்ன இருக்கு?” என்று கேட்பது அவமரியாதை.

லக்சா விஷயத்தில் நம்மவருக்குப் பரம்பரை உரிமையே உண்டு. பினாங்கு லக்சாவின் புளிப்புக்குப் போடும் அசாம் கெப்பிங், அசாம் கெலுகோர் மரத்துக் காயைச் சீவிக் காயவைத்தது. அவருடைய ஊருக்கும் அந்த மரத்தின் பெயர்தான். ஆகவே ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் வரை எந்தக் கிண்ணத்துக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தனக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டதாக அவர் நம்புகிறார். கஃபே ஒன்று லக்சாவை ஸ்பெகட்டியில் ஊற்றிக் கொடுத்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திறக்கவில்லை.

ஜப்பானிய மோகம் பினாங்கையும் விட்டுவைக்கவில்லை. பூனை கஃபே தைப்பேயில் 1998இல் பிறந்து, 2004இல் ஒசாகாவுக்குப் போய்ப் பேர் வாங்கி, பிறகு ஜார்ஜ்டவுனுக்கும் வந்தது. வீட்டில் மூன்று பூனைக்குச் சோறு போடும் மனிதர், காசு கொடுத்துப் பூனை பார்க்க மறுத்துவிட்டார். மாச்சா மட்டும் வழிக்கு வந்தது. கசப்பு அவருக்குப் பழக்கம். ஒருநாள் அவள் டோக்கியோவின் ஜிரோ ஓனோ பற்றிய 2011ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினாள். கின்ஸா சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய அடித்தளத்தில் பத்தே இருக்கை, ஆயுள் முழுக்கச் சுஷி. முழுதும் பார்த்துவிட்டு, “சரிதான், நம்ம சியாம் ரோடு அங்கிள் மாதிரி” என்றார். சியாம் ரோட்டில் கரியடுப்பு முன் நின்று தட்டுத் தட்டாகச் சார் கொய் தியாவ் பிரட்டுபவரிடமும் அவசரப்படுத்த முடியாது, வாதாடவும் முடியாது.

ஒமாகாசே என்றால் என்ன என்று அவள் விளக்கினாள்: மெனு கிடையாது, என்ன போடுவது என்பது சமையல்காரர் இஷ்டம், விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், ஆளுக்குப் பல நூறு வெள்ளி ஆகும். “அடிப்பாவி, இது நாசி கண்டார்” என்றார் அவர். காவடித் தடியில் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளிடம் தமிழ் முஸ்லிம்கள் விற்ற அதே சோறு. ஹமீதியா உணவகம் 1907 முதல் ஆக்கிப் போடுவது. அங்கே கோழியும் வெண்டைக்காயும் கேட்டு வாங்கலாம். ஆனால் எந்தக் குழம்பில் எத்தனை கரண்டி, எது முதலில், எது மேலே, சோறு எந்த அளவுக்கு வெள்ளத்தில் மூழ்க வேண்டும் என்பதெல்லாம் கரண்டி பிடித்தவரின் ஞானம். தட்டை ஒரு பார்வை பார்த்து அவர் ஒரு தொகை சொல்வார். அது எப்படி வந்தது என்று கேட்பவர் வெளியூர்க்காரர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் சோறு போடும் கடைக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஜப்பானியர்களே ஒழுங்கு கற்றுக்கொண்டு போவார்கள்.

2022 டிசம்பரில் மிஷெலின் வழிகாட்டி முதல் முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் எடை போட்டபோது, பிஷப் ஸ்ட்ரீட்டில் ஆண்ட்டி கைக் லியான் நடத்தும் பெரானாக்கான் சாப்பாட்டுக் கடைக்கும், ஓ ஜார்டின் என்ற பிரெஞ்சுப் பாணி உணவகத்துக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் கிடைத்தது. சியாம் ரோட்டுக் கடைக்கும், கட்டுப்படியாகும் விலையில் நல்ல சாப்பாட்டுக்குத் தரும் பிப் குர்மான் பட்டம் வந்தது. அண்ணன் மகள் கை தட்டினாள். இவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். இனி அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கூட நிற்க வேண்டும், வாயில் பேர் நுழையாதவர்களெல்லாம் வந்து படம் எடுப்பார்கள், கரி வாசம் முன்போல இருக்காது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். பட்டம் வாங்கிய கடைகளை வரிசையாகத் தள்ளி வைத்தார். பிரபலமாவதற்கு முன்பே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் கஃபே இளைஞர்கள் செய்வதும் இதுவேதான்; அவர்கள் தாடியை மட்டும் இன்னும் அழகாக வெட்டியிருப்பார்கள்.

இப்போது கெலுகோர் பக்கத்திலேயே ஒரு மீ கடையைப் பிடித்து வைத்திருக்கிறார். நாலு மேசை, ஒரு காற்றாடி, பெயர்ப்பலகை கிடையாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அண்ணன் மகளை அழைத்துப் போனார். அவள் சொல்லவில்லை, படம் மட்டும் போட்டாள். சில வாரம் கழித்து அங்கேயும் வரிசை. அவருக்கு முன்னால் நின்ற கோலாலம்பூர்ப் பையன் திரும்பி, “அங்கிள், இங்க எது நல்லா இருக்கும்?” என்று மரியாதையாகக் கேட்டான். எதிர்ச்சாரியில் ஈயோட்டிக்கொண்டிருந்த கடையைக் கை காட்டி அனுப்பிவைத்தார்.