டோக்கனா, பில்லா?

கேள்வி: வயது 56, அமெரிக்காவில் உத்தியோகம், வருமானத்தின் மேல்படிக்கு 24 சதவீத வரி. ஓய்வுக்காலச் சேமிப்பை இனி ராத் கணக்கில் போடுவதா, மரபுக் கணக்கிலேயே தொடர்வதா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, டெலவேர் செனட்டர் வில்லியம் ராத்தின் நாமதேயத்தைத் தாங்கிய அந்தக் கணக்கு, முன்னதாகவே பணம் கட்டி டோக்கன் வாங்கிச் சாப்பிட உட்காருவது போன்றது, 59½ வயதும் ஐந்தாண்டுக் காலமும் கடந்துவிட்டால், இலையில் எத்தனை பதார்த்தம் விழுந்திருந்தாலும் வரி கேட்பாரில்லை. மரபுக் கணக்கோ, கை கழுவிய பிறகு பில் கட்டும் ஏற்பாடு. சம்பாத்தியம் சிகரத்தில் நிற்கும் இன்று ஆயிரம் டாலருக்கு 240 டாலர் வரி செலுத்துவதைக் காட்டிலும், உத்தியோகம் நின்று வருமானம் 12 சதவீதப் படிக்கு இறங்கிய பின் 120 டாலர் செலுத்துவதே விவேகமாதலால், பெரும்பகுதியை மரபுக் கணக்கிலேயே தொடருங்கள். எனினும், 75 வயதானதும் ஆண்டுதோறும் அதிலிருந்து பணம் எடுத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டு; ராத் கணக்கின் சொந்தக்காரருக்கு அது இல்லை. ஆகவே, ஓய்வு பெற்று வருமானம் மெலிந்திருக்கும் ஆண்டுகளில், சிறிது சிறிதாக ராத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரி உயர்ந்திருக்கும்போது மரபு, தாழ்ந்திருக்கும்போது ராத்: இதுவே என் தீர்ப்பு.